‘மாய யதார்த்தம்’ வேண்டாம், ‘மெய்நிகர்க் காட்சி’ போதும்

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளின் வலியையும் பயத்தையும் தணிக்க, கண்ணை முழுக்க மறைக்கும் ஒரு கருவியை மாட்டிவிட்டு வேறோர் இடத்தைக் காட்டும் முறையைப் பற்றி இப்போது தமிழில் நிறைய எழுதுகிறார்கள். நல்ல காரியம். ஆனால் எழுதுகிறவர்களில் பலர் அதற்கு வைக்கும் பெயர் ‘மாய யதார்த்த சிகிச்சை’. பாளையங்கோட்டையில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டத்தில் கையில் கொடுத்த துண்டறிக்கையிலும் அதே தொடர். பக்கத்தில் இருந்த நாங்குநேரிப் பக்கத்து அம்மா அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டார்: “அண்ணாச்சி, மாயம்னு போட்டிருக்கே, வெத்தலையில மை போட்டுப் பாப்பாங்கள்லா, அந்த மாதிரியா? பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிராதே?”

அவர் கேட்டதில் தவறே இல்லை. தவறு அந்தச் சொல்லைப் போட்டவர்களுடையது.

ஆங்கிலத்தில் ‘வர்ச்சுவல் ரியாலிட்டி’. ‘வர்ச்சுவல்’ லத்தீனின் ‘விர்த்துஸ்’ என்பதிலிருந்து வந்தது. அதற்கு வலிமை, ஆற்றல் என்று பொருள். அதிலிருந்து ‘பெயரளவில் இல்லாவிட்டாலும் பயனளவில் உள்ளது’ என்ற பொருள் கிளைத்தது. கணினித் துறை அதை எடுத்துக்கொண்டது. 1968-ல் கணினி விஞ்ஞானி ஐவன் சதர்லாந்து தலையில் மாட்டும் காட்சிக் கருவியைச் செய்தார். 1980-களில் ஜேரன் லேனியர் ‘வர்ச்சுவல் ரியாலிட்டி’ என்ற பெயரைப் பரப்பினார். சொல்லின் வரலாறு இவ்வளவு போதும்.

சரி, ‘மாய’ எங்கிருந்து நுழைந்தது? நம் பள்ளி அறிவியல் புத்தகத்திலிருந்துதான். கண்ணாடிக்குள் தெரியும் உருவத்தை அங்கே ‘மாய பிம்பம்’ என்று படித்தோம். திரையில் பிடிக்க முடியாத பிம்பம் என்பதால் அங்கே அந்தப் பெயர் ஓரளவு பொருந்துகிறது. அதைப் படித்து வளர்ந்தவர்கள் ‘வர்ச்சுவல்’ என்று எங்கே கண்டாலும் ‘மாய’ என்று எழுதப் பழகிவிட்டார்கள். ஒளியியலில் ஒரு சொல் பொருந்தியது என்பதற்காக மருத்துவமனை வார்டிலும் பொருந்திவிடாது.

முதலில், ‘மாயம்’ மூலச்சொல்லின் பொருளையே கவிழ்க்கிறது. ‘விர்த்துஸ்’ ஆற்றலைச் சொல்கிறது. மாயமோ ஆற்றலில்லாத வெறுந்தோற்றத்தைச் சொல்கிறது. இந்தச் சிகிச்சையின் உயிரே அந்த ஆற்றலில் இருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் ஆய்வாளர் ஹன்டர் ஹாஃப்மன் குழுவினர் தீக்காயம் பட்டவர்களுக்கு ‘ஸ்னோ வேர்ல்ட்’ என்று ஒரு பனிப் பள்ளத்தாக்கைக் காட்டினார்கள். புண்ணைச் சுத்தம் செய்யும் நேரத்தில் நோயாளி பனிமனிதர்கள் மேலும் பெங்குவின்கள் மேலும் பனிப்பந்து எறிந்துகொண்டிருப்பார். வலி குறைந்ததாகச் சொன்னார்கள். அது வெறும் வாய்வார்த்தையாகவும் நிற்கவில்லை. நோயில்லாத தன்னார்வலர்களிடம் நடத்தி 2004-ல் வெளியான ஆய்வில், வலியோடு தொடர்புள்ள மூளைப் பகுதிகளின் இயக்கம் அந்தக் காட்சிக்குள் இருக்கும் நேரத்தில் தணிந்ததை ஸ்கேனிலேயே பார்த்தார்கள். பள்ளத்தாக்கு இல்லை, ஆனால் அதன் பயன் உடம்பில் இருக்கிறது. இதைப் போய் மாயம் என்பதா?

அதே 2004-ல் புற்றுநோய்க் குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வும் வெளியானது. நெஞ்சில் தோலுக்கடியில் பதித்திருக்கும் ‘போர்ட்’டில் ஊசி ஏற்றும்போது, கருவி காட்டும் அட்லாண்டா மிருகக்காட்சி சாலையின் கொரில்லாக்களோடு பிள்ளைகளை உலவ விட்டார்கள். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று வருடச் சிகிச்சை. கீமோ, முதுகுத்தண்டில் ஊசி, எலும்பு மஜ்ஜை எடுப்பது என்று ஒன்று மாற்றி ஒன்று. ஊசியைவிட ஊசி வரப்போகிறது என்ற பயம் பிள்ளையை அதிகம் வாட்டும். இந்தக் கருவி கட்டியைக் கரைக்காது. சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வரும், வலிப்பு உள்ள பிள்ளைக்கு மருத்துவரைக் கேட்காமல் மாட்டக் கூடாது, எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தைகள் என்பதால் ஒவ்வொரு முறையும் துடைத்துக் கிருமி நீக்க வேண்டும். ஊசி நேரத்து வலியும் பயமும் குறைவதற்குத்தான் இதுவரை சான்று கூடுதல். இத்தனையையும் தாய் தகப்பனுக்குப் புரிய வைக்க வேண்டிய இடத்தில் ‘மாயம்’ என்றால் எந்தக் கதவு திறக்கும்?

அப்புறம், நம் காதில் ‘மாயம்’ எப்படி விழுகிறது என்று பாருங்கள். நாளிதழைப் பிரித்தால் ‘சிறுமி மாயம்’, அதாவது காணவில்லை. ‘மாய்தல்’ என்றால் இறத்தல். மாயம் வடசொல்லா, மாய் என்ற வினையில் பிறந்த தமிழ்ச்சொல்லா என்ற வழக்கை அறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: பிள்ளை பிழைக்குமா என்று தவிக்கிற தாயின் முன்னால், சாவின் வாடை அடிக்கிற ஒரு சொல்லை நீட்டக் கூடாது.

‘மாய யதார்த்தம்’ என்ற தொடருக்கு ஏற்கெனவே வேறு வீடு உண்டு. லத்தீன் அமெரிக்கப் புனைகதைப் பாணி ஒன்றைத் தமிழ் விமர்சகர்கள் பல காலமாக அந்தப் பெயரில்தான் பேசிவருகிறார்கள். ஒரே பெயரை இரண்டு துறைக்கும் எழுதிக்கொடுத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

இதற்கு மாற்றாக வரும் ‘மெய்நிகர் உண்மை’ பரவாயில்லை, ஆனாலும் தடுக்குகிறது. மெய் என்றாலே உண்மை. ‘உண்மைக்கு நிகரான உண்மை’ என்று ஏன் சுற்ற வேண்டும்? ‘மெய்நிகர் யதார்த்தம்’ அதே கோளாறு, கூடவே பாதி வடமொழி. ‘ரியாலிட்டி’ என்று ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று வால் ஒட்டுகிறார்கள். சொல்லுக்குச் சொல் நிறுத்துப் போடுவது மொழிபெயர்ப்பு ஆகாது.

‘மெய்நிகர்’ நல்ல சொல். நிகர்த்தல் புதிதாகச் செய்ததும் இல்லை. தொல்காப்பியம் அடுக்கும் உவம உருபுகளிலேயே ‘நிகர்ப்ப’ இருக்கிறது. மெய்க்கு உண்மை, உடம்பு என்று இரண்டு பொருளும் உண்டு; உடம்பையே நம்பவைக்கும் இந்தக் கருவிக்கு இரண்டும் பொருந்துகின்றன. நிகர் என்பது பயனளவில் சமம் என்கிறது. லத்தீன் சொன்னதும் அதைத்தானே. ஆகவே ‘மெய்நிகர்க் காட்சி’. பெற்றோரிடம் பேசும்போது, “நேரில் இருப்பது போலவே தெரியும் காட்சி” என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

துண்டறிக்கையில் இன்னொரு கொடுமை ‘கவனச்சிதறல் சிகிச்சை’. கவனச்சிதறல் என்பது நாம் ஒரு குறையாகச் சொல்வது. பாடத்தில் கவனம் சிதறுகிறது என்று ஆசிரியர் புகார் சொல்வார். அதையே சிகிச்சை என்றால் பெற்றோர் மிரள மாட்டார்களா? இங்கே நடப்பது கவனத்தைத் திருப்புவது. அதற்கு நம் வீடுகளில் அருமையான சொல் இருக்கிறது: பராக்கு காட்டுதல். நிலாவையும் காக்காயையும் பராக்கு காட்டித்தான் எல்லா ஆச்சிகளும் சோறு ஊட்டினார்கள். “ஊசி போடும்போது பிள்ளைக்குப் பராக்கு காட்டுகிறோம்” என்று செவிலியர் சொன்னால் அம்பாசமுத்திரத்திலும் புரியும், ராதாபுரத்திலும் புரியும். சிகிச்சைக்காகத் திருவனந்தபுரத்துக்கு ரயிலேறும் நம் பக்கத்துக் குடும்பங்கள் அங்கே மலையாளத்தோடு மல்லுக்கட்டுகின்றன. கையில் கிடைக்கும் தமிழ்த் தாளாவது தமிழாக இருக்க வேண்டாமா?

1930-களில் இதே நெல்லையிலிருந்து சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் இ.மு. சுப்பிரமணிய பிள்ளையின் முயற்சியில் கலைச்சொற்களைத் திரட்டி, 1938-ல் நூலாகவே வெளியிட்டது. துறை அறிந்தவர்களைக் கூட்டி உட்கார்ந்து செய்த வேலை அது. இன்றைக்கு மொழிபெயர்ப்பாளர் கணினி தருவதை அப்படியே ஒட்டிவிட்டுப் போகிறார். வார்டில் ஒருவரிடமாவது வாசித்துக் காட்டினாரா?

மெய்நிகரை ஆதரிக்கிற நானே அதன் மிகைப் பயன்பாட்டையும் சொல்லியாக வேண்டும். ‘மெய்நிகர் கூட்டம்’, ‘மெய்நிகர் வகுப்பு’ என்று எழுதுகிறார்கள். கூட்டம் உண்மையாகவே நடக்கிறது, வகுப்பை உண்மையான ஆசிரியர்தான் எடுக்கிறார். அவை காணொலிக் கூட்டம், இணையவழி வகுப்பு. 2001-ல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பெயரிலும் ‘வர்ச்சுவல்’ இருந்தது. தமிழில் அதை ‘இணைய’ என்று வைத்தவர்கள் யோசித்து வைத்தார்கள். கண்ணும் காதும் முழுக்க இன்னோர் இடத்துக்குள் போய்விடும்போது மட்டும் மெய்நிகர் என்போம்.