ஒரு பேரரசுத் தோட்டத்தின் நீர்க்கணக்கு: பெய்ஜிங்கின் குன்மிங் ஏரி

பெய்ஜிங் நகரின் வடமேற்கில் உள்ள கோடைக்கால அரண்மனையைக் காணச் செல்பவர்களில் பெரும்பாலோர் கிழக்கு வாயிலில் நுழைந்து, அரசவை மண்டபங்களையும் முற்றங்களையும் கடந்து, சற்றும் எதிர்பாராத வகையில் குன்மிங் ஏரியின் முன் வந்து நிற்கிறார்கள். சீன மொழியில் யீஹேயுவான் எனப்படும் இந்தத் தோட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 290 ஹெக்டேர். அதில் முக்கால் பங்கு தண்ணீர்தான். வழிகாட்டிகள் 728 மீட்டர் நீளமுள்ள ஓவிய நடைபாதையையும், கரையோரம் நிற்கும் பளிங்குப் படகையும் காட்டுவார்கள். அவை பார்க்க வேண்டியவையே. ஆனால், இத்தோட்டத்தின் மிகப் பெரிய கட்டுமானத்தின் மீதுதான் நாம் நின்றுகொண்டிருக்கிறோம் என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. கிழக்குக் கரை இயற்கையாக அமைந்த கரை அன்று. நீரைத் தேக்குவதற்காக மனிதர் எழுப்பிய அணைக்கரை. அதற்கு அப்பால் கிழக்கே உள்ள நிலம் தாழ்வானது. அரண்மனைப் பூங்கா என்று நாம் பார்க்கும் இந்த இடம், தலைநகருக்காகக் கட்டப்பட்ட நீர்த்தேக்கமும் ஆகும்.

பெய்ஜிங் அமைந்திருக்கும் சமவெளி வடமேற்கிலிருந்து தென்கிழக்கு நோக்கி மெல்லச் சரிகிறது. மேற்கே மலைத்தொடர் எழுகிறது. அந்த மலைகளில் பெய்யும் மழையின் ஒரு பகுதி சுண்ணாம்புப் பாறைகளின் வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, நிலத்தடியில் நகர்ந்து, மலையடிவாரத்தில் ஊடுருவ முடியாத அடுக்கைச் சந்திக்கும்போது அழுத்தத்தால் மேலெழும்பி ஊற்றாகப் பீறிடுகிறது. ஏரிக்கு மேற்கே உள்ள யூச்சுவான் மலையின் பெயருக்கே பச்சைமணி (ஜேட் என்னும் மணிக்கல்) ஊற்று என்பது பொருள். அந்த ஊற்றுகளின் நீர் தாழ்வான நிலத்தில் தங்கியதால் உருவான சிறிய ஏரிதான் குன்மிங் ஏரியின் பழைய வடிவம்.

இந்த ஏரியைத் தலைநகரின் தேவையோடு இணைத்தவர் குவோ ஷோஜிங். ஓர் ஆண்டின் நீளத்தை 365.2425 நாட்கள் என்று கொண்ட 1281ஆம் ஆண்டு நாட்காட்டியை உருவாக்கிய வானியலாளரும் இவரே. மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானின் தலைநகராக இருந்த இதே நகருக்குத் தெற்கிலிருந்து தானியம் ஏற்றி வந்த படகுகள் தோங்சோ என்ற ஊர் வரை வந்துவிடும். அங்கிருந்து நகருக்குள் நுழைய ஒரு கால்வாய் வேண்டும். நகரமோ தோங்சோவைவிட உயரத்தில் இருந்தது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் கால்வாயில் படகு மிதக்கும் அளவுக்கு நீர் நிற்க வேண்டுமானால், மேலிருந்து நீர் வந்துகொண்டே இருக்க வேண்டும்; வந்த நீர் ஒரேயடியாக வடிந்துவிடாமல் தடுக்கவும் வேண்டும். இரண்டாவது தேவைக்காக அவர் 24 மதகுகளை அமைத்தார். ஒரு மதகை மூடினால் அதற்கு மேற்புறம் நீர்மட்டம் உயரும். படகு அதில் மிதந்து வந்த பின் அடுத்த மதகு திறக்கப்படும். இவ்வாறு படிப்படியாகப் படகு மேலேறியது.

முதல் தேவைக்கு அவர் கண்ட வழிதான் வியப்புக்குரியது. நகருக்கு வடக்கே சாங்பிங் பகுதியில் பைஃபூ என்னும் ஊற்று இருந்தது. அதிலிருந்து நகருக்கு நேராக வாய்க்கால் வெட்டினால், இடையில் இரண்டு ஆறுகளின் பள்ளத்தாக்குகள் குறுக்கிடும்; அங்கே இறங்கிய நீர் மறுபடியும் மேலேறாது. ஆகவே அவர் வாய்க்காலை நகருக்கு எதிர்த்திசையில், முதலில் மேற்கே மலையடிவாரத்தை நோக்கித் திருப்பினார். அங்கிருந்து ஏறக்குறைய ஒரே உயரத்தை ஒட்டி, மிகச் சிறிய சரிவோடு வளைத்து, வழியில் உள்ள ஊற்றுகளையும் சேர்த்துக்கொண்டு, சுமார் 30 கிலோமீட்டர் கொண்டுவந்து இந்த ஏரியில் விட்டார். தூரத்தைக் கூட்டி உயரத்தைக் காப்பாற்றிய கணக்கு இது. 1292இல் தொடங்கிய வேலை 1293இல் முடிந்தது. நிலத்தின் உயர வேறுபாடுகளை அவ்வளவு நுணுக்கமாக அளந்திராமல் அப்படியொரு பாதையைத் தேர்ந்தெடுத்திருக்க முடியாது.

இன்று நாம் காணும் ஏரி சிங் வம்சத்துப் பேரரசர் சியன்லாங்கின் காலத்தது. 1750இல் அவர் தொடங்கிய வேலைக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, மறு ஆண்டில் வரவிருந்த அவருடைய தாயாரின் அறுபதாம் பிறந்தநாள். அதே வேளையில், மேற்கு மலைகளின் நீரை ஒழுங்குபடுத்தும் திட்டமும் அதில் இருந்தது. பெய்ஜிங்கில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. ஆகவே மழைக்காலத்தில் வெள்ளம், வசந்தத்தில் வறட்சி என்பது அந்தச் சமவெளியின் வழக்கம். பழைய ஏரியைத் தூர்வாரி ஆழப்படுத்தி, கிழக்குப் பக்கமாக விரித்து, புதிய அணைக்கரையை எழுப்பினார்கள். புதிய ஏரி பழையதைப் போல இருமடங்கு அகலமும் ஆழமும் கொண்டது என்பதால் அது நிரம்புமா என்ற தயக்கம் இருந்ததாகவும், வேலை முடிந்து நீர் வந்தபோது பழைய ஏரியைவிடப் பெருவெள்ளமாக நிறைந்ததாகவும் பேரரசர் தாமே எழுதிவைத்திருக்கிறார். அது தானாக நிறைந்துவிடவில்லை. மலைக்கோயில்களின் அருகே சிதறிக் கிடந்த ஊற்றுகளிலிருந்தும் கல்லைக் குடைந்து செய்த தொட்டிகளைக் கோத்து நீர் கொண்டுவரப்பட்டது. பள்ளமான இடங்களில் சுவர் எழுப்பி அதன் மேல் அந்தக் கற்கால்வாய் செலுத்தப்பட்டது.

தோண்டி எடுத்த மண்ணும் வீணாகவில்லை. ஏரியின் வடக்கே இருந்த குன்றின் வடிவத்தைத் திருத்த அது பயன்பட்டது. 60 மீட்டர் உயரமுள்ள வான்ஷோ மலை என்று இன்று நாம் ஏறுவது ஓரளவு ஏரியின் அடிமண்ணே. கிழக்கே ஏரியை விரித்தபோது பழைய கரையில் இருந்த நாகராசன் கோயிலை இடிக்காமல் அதைச் சுற்றித் தோண்டினார்கள். அந்த நிலம் தீவாயிற்று. தீவையும் கரையையும் இணைக்கவே 150 மீட்டர் நீளமுள்ள பதினேழு வளைவுப் பாலம் வந்தது. அருகே 1755இல் வார்க்கப்பட்ட வெண்கல எருது படுத்திருக்கிறது. வெள்ளத்தை அடக்கும் என்ற நம்பிக்கையில் வைக்கப்பட்ட அது அணைக்கரையின் மேல் அமர்ந்திருப்பது மிகப் பொருத்தமானது. கிழக்குக் கரையின் மதகு திறந்தால் தாழ்வில் இருந்த வயல்களுக்கும் தோட்டங்களுக்கும் நீர் போகும். தெற்கு முனையிலிருந்து வெளியேறும் நீர் சாங்ஹே ஆற்றின் வழியே நகருக்குச் செல்லும். அரச குடும்பத்தார் நகரிலிருந்து அதே ஆற்றில் படகேறித் தோட்டத்துக்கு வந்தார்கள்.

மேற்கே ஏரியைப் பிரிக்கும் நீண்ட கரை, ஹாங்சோ நகரத்து மேற்கு ஏரியின் கரையைப் பார்த்து அமைக்கப்பட்டது. அதன் ஆறு பாலங்களில் யூதாய் பாலம் என்னும் பச்சைமணிக் கச்சைப் பாலம் தனித்து நிற்கிறது. யூச்சுவான் மலையிலிருந்து வரும் நீர் ஏரிக்குள் நுழையும் இடத்தில், பேரரசரின் படகு கடந்து செல்லும் அளவுக்கு ஒரே வளைவு உயர்ந்து எழுகிறது. இந்த உயரம் படகுக்காக மட்டும் உதவவில்லை. கல் வளைவின் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை அழுத்தியே நிற்கிறது. அந்த அழுத்தம் இறுதியில் வளைவின் இரு கால்களையும் வெளிப்புறமாகத் தள்ளுகிறது. அகலமும் பாரமும் மாறாதிருக்க, வளைவின் உயரத்தை இருமடங்காக்கினால் இந்தப் பக்கவாட்டுத் தள்ளுதல் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். சேறு படிந்த ஏரிக்கரையில் கால் ஊன்றும் பாலத்துக்கு இது பெரிய உதவி. நீர் அசையாமல் இருக்கும்போது வளைவும் அதன் நிழலும் சேர்ந்து முட்டை வடிவமாகத் தெரிகின்றன.

கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்ப்பவருக்கு ஏரி, கரையோர வில்லோ மரங்கள், யூச்சுவான் மலைமேல் உள்ள கோபுரம், அதற்கும் பின்னே நீலமாய் மங்கும் மலைத்தொடர் எல்லாமே ஒரே தோட்டத்துக்குள் இருப்பதாகத் தோன்றும். கோபுரமும் மலைகளும் உண்மையில் தோட்டத்துக்கு வெளியே உள்ளவை. இதைச் சீனத் தோட்டக்கலையில் இரவல் காட்சி என்கிறார்கள். இரு கண்களும் சற்றே வேறுபட்ட காட்சிகளைக் காண்பதால் கிடைக்கும் ஆழ உணர்வு, அருகிலுள்ள பொருள்களுக்குத்தான் கூர்மையாக இருக்கும். சில நூறு மீட்டர்களைத் தாண்டினால் பெரிதும் மங்கிவிடும். அதன்பின் மூளை, இடையில் உள்ள வீடு, மரம், வயல் போன்றவற்றை அளவுகோலாகக் கொண்டே தூரத்தைக் கணிக்கிறது. விரிந்த நீர்ப்பரப்போ அத்தகைய அளவுகோல் எதையும் தருவதில்லை. அதற்கு அப்பால் மேற்குக் கரையின் மரவரிசை, தோட்டம் முடியும் இடத்தை மறைத்துவிடுகிறது. எங்கே ஒட்டப்பட்டது என்று தெரியாதபோது கண் இரண்டையும் ஒன்றாகவே ஏற்றுக்கொள்கிறது. மலைகளின் நீலத்துக்குக் காரணம் காற்று. சூரிய ஒளியின் நீலப் பகுதியைக் காற்றின் மூலக்கூறுகள் மற்ற நிறங்களைவிட மிகுதியாகச் சிதறடிப்பதால், நமக்கும் மலைக்கும் இடைப்பட்ட காற்றே மெல்லிய நீலத்திரையாகிறது. சியன்லாங் காலத்தில் ஏரியின் பக்கங்களில் மதிற்சுவர் இல்லாததும் இந்த மயக்கத்துக்குத் துணைசெய்தது.

பதினேழு வளைவுப் பாலத்தைக் காண மக்கள் பெருமளவில் கூடுவது டிசம்பர் குளிரில். ஏறத்தாழ 40 பாகை வடக்கு அட்சரேகையில் உள்ள பெய்ஜிங்கில், ஆண்டின் மிகக் குறுகிய பகலன்று சூரியன் நேர் மேற்கிலிருந்து 31 பாகை தெற்கே விலகி மறைகிறது. நண்பகலில்கூட அது அடிவானத்திலிருந்து 27 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. மாலையில் மிகத் தாழ்ந்து தென்மேற்கிலிருந்து வரும் ஒளி வளைவுகளின் உட்புறத்தில் சாய்வாகப் பாய்ந்து, பதினேழையும் ஒரே நேரத்தில் பொன்னிறமாக்குகிறது. கோடையில் சூரியன் அதே அளவு வடக்கே விலகி மறைவதால் அந்தக் காட்சி கிடைப்பதில்லை.

1860இல் ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைகள் தோட்டத்தின் கட்டடங்களை எரித்தன. 1886 முதல் பேரரசித் தாய் சிசி அதை மீண்டும் எழுப்பி, 1888இல் யீஹேயுவான் என்று பெயரிட்டார். மதிற்சுவர் வந்ததும் அவர் காலத்தில்தான். மரத்தாலான மண்டபங்கள் சாம்பலானபோதும் ஏரியும் கரைகளும் மதகுகளும் பெரும்பாலும் பிழைத்திருந்தன. ஏரியை உண்மையில் வறட்டியது வேறொன்று. நகரம் பெருகி நிலத்தடி நீர் மிகுதியாக இறைக்கப்பட்டதால், 1970களில் யூச்சுவான் ஊற்றுகள் வற்றிப்போயின. திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஓராண்டில் ஆவியாகும் நீர் அங்கே பெய்யும் மழையைவிட அதிகம் என்பதால், வெளியிலிருந்து நீர் வராவிட்டால் ஏரி சுருங்கிக்கொண்டே போகும்.

இப்போது பெய்ஜிங்குக்கு நீர் தரும் பெருங்கால்வாய்களில் ஒன்று, தெற்கே ஹான் ஆற்றின் தான்ஜியாங்கோ நீர்த்தேக்கத்திலிருந்து புறப்படுகிறது. அதற்காக அங்கிருந்த அணையை 162 மீட்டரிலிருந்து 176.6 மீட்டர் மட்டத்துக்கு உயர்த்தினார்கள்; தொடக்கத்தில் உயரம் கிடைத்தால்தான் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பாதையில் நீர் பெரும்பாலும் தன் எடையாலேயே ஓடும். முழுப் பாதையிலும் மொத்த இறக்கம் சுமார் 100 மீட்டர்; அதாவது கிலோமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டருக்கும் குறைவு. அந்த நீர் முதன்முதலாகப் பெய்ஜிங்கை அடைந்தது 2014 டிசம்பரில். கால்வாய் முடியும் இடம் துவான்செங் ஏரி. மேற்குக் கரையில் யூதாய் பாலத்தின் அருகே நின்றால் அது பக்கத்திலேயே இருக்கிறது.