டிராப் ஸ்டிச்: விழுவதும் இல்லை, தைப்பதும் இல்லை

தண்ணீரில் ஏறி நின்று துடுப்புப் போடுவதற்கான, காற்றடித்துப் பயன்படுத்தும் துடுப்புப் பலகையின் விவரக் குறிப்பைப் புரட்டினால் 'டிராப் ஸ்டிச்' என்ற சொல் கட்டாயம் இருக்கும். ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சிக்கான காற்று மெத்தை, கயாக் படகின் ஊதும் தரை எல்லாவற்றிலும் இதே சொல்தான். ஒரு மொழிபெயர்ப்பில் இதை நான் முதலில் 'விழுதையல்' என்று எழுதிவைத்தேன். மறுநாள் படித்தபோது எனக்கே ஒன்றும் விளங்கவில்லை. அடித்துவிட்டு, பொருள் என்ன என்று தேடப் போனேன்.

காற்றடைத்த எதுவும் உருண்டையாகத்தான் ஆகப் பார்க்கும். உள்ளே இருக்கும் காற்று எல்லாப் பக்கமும் ஒரே அளவில் தள்ளுகிறது. மெல்லிய உறை அந்தத் தள்ளலைத் தாங்க வேண்டுமானால் வளைந்தே ஆக வேண்டும்; தட்டையாக இருந்துகொண்டு தாங்க முடியாது. அதனால்தான் பலூன் உருண்டையாகவும் டியூப் வளையமாகவும் இருக்கின்றன. இரண்டு துணிகளை ஓரத்தில் மட்டும் ஒட்டிக் காற்றடித்தால் கிடைப்பது தலையணை. அதன் மேல் ஏறி நிற்க முடியாது.

தட்டையாக வேண்டும் என்றால் மேல்துணி கீழ்துணியை விட்டு விலகாமல் உள்ளுக்குள் எதையாவது கட்டிப்போட வேண்டும். எளிய வழி, இரண்டு துணிகளையும் அங்கங்கே கோடாகவோ புள்ளியாகவோ சூட்டில் ஒட்டிவிடுவது. நீச்சல் குளத்தில் மிதக்கும் மெத்தைகள் இப்படித்தான். இன்னொரு வழி, நடுவே பட்டைகளைச் சுவர் போல நிறுத்தி ஒட்டுவது. படுக்கை மெத்தைகளில் இது உண்டு. இரண்டிலும் பரப்பு மேடும் பள்ளமுமாக இருக்கும், அழுத்தத்தையும் அதிகம் ஏற்ற முடியாது. படுக்க அது போதும், நிற்கப் போதாது.

டிராப் ஸ்டிச் இந்தக் கட்டுப்போடும் வேலையைத் தறியிலேயே முடித்துவிடுகிறது. வெல்வெட் நெய்யும் ஒரு முறை தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி என இரண்டும் ஒரே தறியில் ஒரே நேரத்தில் நெய்யப்படும். தனியாக ஒரு பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் இழைகள், மேல்துணிக்கும் கீழ்துணிக்கும் மாறிமாறி ஏறி இறங்கி இரண்டையும் இணைக்கும். வெல்வெட்டில் ஒரு கத்தி நடுவே ஓடி அந்த இழைகளை அறுக்க, இரண்டு வெல்வெட் துணிகள் பிரிந்து வரும். இங்கே கத்தியே கிடையாது. இடைவெளியைப் பெரிதாக்கி, இழைகளை அறுக்காமல் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் இரண்டு பக்கமும் பிவிசி போன்ற காற்றுப் புகாத பூச்சு, வேண்டிய வடிவத்தில் வெட்டு, சுற்றிலும் பக்கப்பட்டை, ஒரு வால்வு. பக்கப்பட்டையில் இழை இல்லை என்பதால் அது மட்டும் அரைவட்டமாகப் புடைத்துக்கொண்டு நிற்கும். துடுப்புப் பலகைகளின் விளிம்பு உருண்டிருப்பதற்கு அதுதான் காரணம்.

இழையின் நீளம் எவ்வளவோ அவ்வளவுதான் பலகையின் தடிமன், பெரும்பாலும் 4 முதல் 6 அங்குலம். அழுத்தம் 15 பிஎஸ்ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு, வரை ஏற்றுகிறார்கள். கேட்க ஏதோ சின்ன எண் மாதிரி இருக்கும். கணக்குப் போட்டால், சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. ஒரு சதுர மீட்டருக்குப் பத்து டன்! மேல்துணியைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும் அந்தப் பத்து டன்னையும் ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகள் பங்குபோட்டு இழுத்துப் பிடிக்கின்றன. ஓரிடத்தில் இழைகள் அறுந்தால் அங்கே கொப்புளம் போலப் புடைத்துவிடும்.

துடுப்புப் பலகைக்காகப் பிறந்த உத்தி இல்லை இது. அமெரிக்காவின் குட்இயர் நிறுவனம் 'ஏர்மேட்' என்ற பெயரில் இதே வகைத் துணியைச் செய்து, 1956இல் அதைக்கொண்டு 'இன்ஃப்ளேட்டோபிளேன்' என்ற விமானத்தையே உருவாக்கியது. மடித்துப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய், வேண்டிய இடத்தில் காற்றடித்துப் பறக்கலாம். இறக்கையை விறைப்பாக வைத்தது சுமார் 25 பிஎஸ்ஐ காற்று. நம்பி ஏறிய விமானிகளைப் பாராட்டத்தான் வேண்டும்.

சரி, பெயருக்கு வருவோம். பின்னல் வேலையில் 'டிராப் ஸ்டிச்' என்றால் ஊசியிலிருந்து நழுவிப்போன கண்ணி. சிலசமயம் அது பிழை, சிலசமயம் அழகுக்காக வேண்டுமென்றே நழுவவிடுவது. காற்றுப் பலகைக்குள் எதுவும் நழுவவில்லை. நெய்து எடுக்கும் துணி என்பதால் தையலும் இல்லை. ஆங்கிலப் பெயரே வழி தவறியது. அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தமிழும் சேர்ந்து வழி தவறும்.

முதலில் தோன்றிய மாற்று 'ஊடிழை'. காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் நெசவில் ஊடு என்றால் குறுக்கே ஓடும் இழை. இங்கே இரண்டு துணிகளையும் இணைப்பது பாவிழை. நெசவாளர் யாராவது படித்தால் சிரித்துவிடுவார். 'இடையிழை' தவறில்லை, எங்கே இருக்கிறது என்று சொல்கிறது. என்ன செய்கிறது என்று சொல்லவில்லை. 'பிணையிழை' எனக்கு ஓரளவு பிடித்திருந்தது, ஆனால் ஜாமீன் வாடை அடிக்கிறது.

கடைசியில் நான் வந்து நின்றது 'பிடியிழை'யில். இரண்டு துணிகளையும் விலகவிடாமல் பிடித்துக்கொள்ளும் இழை. துணிக்குப் பிடியிழைத் துணி, அதில் செய்த பலகைக்குப் பிடியிழைப் பலகை, படகுக்குள் போடும் தரைக்குப் பிடியிழைத் தரை. பின்னல்காரர்களின் டிராப் ஸ்டிச்சை இதோடு குழப்பாமல் 'நழுவிய கண்ணி' என்றே எழுதிவிடலாம்.