வண்டி கிளம்பிய பிறகும் நாங்கள் கேள்வி கேட்பது ஏன்?

"கேள்வியா கேட்டுக்கிட்டு இருக்கியேம்மா, வண்டி அனுப்புவியா மாட்டியா?"

108 ஆம்புலன்ஸ் மையத்தில் அவசர அழைப்பு எடுக்கப் பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவரும் இந்தக் கோபத்தைச் சீக்கிரமே கேட்டுவிடுகிறார்கள். கோபப்படுபவரைக் குறை சொல்ல முடியாது. கண்ணெதிரே அப்பா மயங்கிக் கிடக்கும்போது, யாரோ ஒருவர் போனில் வயது என்ன, மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தால் யாருக்கும் பதறத்தான் செய்யும். ஆனால் எந்த இடம், என்ன நடந்தது என்ற இரண்டும் தெரிந்ததுமே வண்டிக்குத் தகவல் போய்விடும். பைலட், அதாவது ஆம்புலன்ஸ் ஓட்டுநர், வண்டியை எடுத்த பிறகும் நாங்கள் கேட்பது, வண்டி வரும்வரை நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்வதற்காக. எங்கள் பயிற்சியில் பெரும்பகுதி இதற்கானதுதான்.

முகவரியைக் குறித்துக்கொண்டு போனை வைத்துவிடுவதே ஒரு காலத்தில் உலகம் முழுக்க வழக்கமாக இருந்தது. 1970களின் கடைசியில் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் ஜெஃப் கிளாசன் என்ற மருத்துவர், எந்தப் பிரச்சினைக்கு என்ன கேட்க வேண்டும், வண்டி வரும்வரை என்ன சொல்ல வேண்டும் என்று வரிசைப்படுத்தினார். இன்று பல நாடுகளில் இந்த முறையில்தான் பயிற்சி தருகிறார்கள். தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது.

பயிற்சியில் முதல் பாடம் இடம் கேட்பது. தர்மபுரி, கிருஷ்ணகிரி அழைப்புகளில் இதுவே பெரிய சோதனை. நம் பக்கத்தில் ஊர் என்பது ஒரே தெருவில் அடங்குவதில்லை. நிலத்துக்கு நடுவே நாலு வீடு, அதற்கு ஒரு பெரியவர் பெயரில் ஒரு கொட்டாய். அந்தக் கொட்டாய் வரைபடத்தில் இருக்காது. அதே பெயரில் பாலக்கோட்டிலும் ஒன்று இருக்கும், அரூரிலும் ஒன்று இருக்கும். "மாரியம்மன் கோயில் பக்கம்" என்றால் எந்த மாரியம்மன்? அதனால் மாவட்டம், வட்டம், பஞ்சாயத்து, பிறகு கொட்டாய் என்று மேலிருந்து கீழே இறங்கி வரச் சொல்லித் தருகிறோம். ரேஷன் கடை, பால் சொசைட்டி, பள்ளிக்கூடம், தார் ரோடு முடியும் இடம், இவற்றில் ஒன்றைச் சொன்னால் பைலட் பிடித்துக்கொள்வார். கேட்ட முகவரியை நாங்கள் திருப்பிச் சொல்வதும் நேரத்தைக் கடத்த இல்லை, தப்பான ஊருக்கு வண்டி போய்விடக்கூடாதே என்பதற்காக.

ஓசூர், தளி, அஞ்செட்டி பக்கத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. செல்போன் கர்நாடக டவரைப் பிடித்துவிட்டால் அழைப்பு அந்த மாநில மையத்துக்குப் போய்விடலாம். எதிர்முனையில் கன்னடம் கேட்டால் வைத்துவிடாதீர்கள். "தமிழ்நாடு, கிருஷ்ணகிரி மாவட்டம்" என்பதை முதலில் சொல்லுங்கள். தமிழோடு தெலுங்கும் கன்னடமும் பேசி வளர்ந்த எல்லையோரத்துப் பிள்ளைகள் இந்த வேலைக்கு நிறைய வர வேண்டும் என்பது என் ஆசை.

தொப்பூர் கணவாய் விபத்து என்றால் கேள்வி மாறும். தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் பக்கமா, ஏறி வரும் பக்கமா? நடுவில் தடுப்பு இருப்பதால் தப்பான பக்கம் வந்த வண்டி வெகுதூரம் போய்த்தான் திரும்ப முடியும். எத்தனை பேருக்கு அடி, யாராவது உள்ளே சிக்கியிருக்கிறார்களா, டேங்கர் லாரியா, ஏதாவது ஒழுகுகிறதா? இதை வைத்துத்தான் இன்னும் எத்தனை வண்டி, தீயணைப்பு வேண்டுமா என்று முடிவாகும். பெயர் சொன்னால் கோர்ட்டுக்கு அலைய விடுவார்கள் என்று பயந்து பாதியில் வைத்துவிடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 134ஏ பிரிவு உதவி செய்பவருக்குப் பாதுகாப்பு தருகிறது, பெயர் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

எல்லாப் பாடங்களிலும் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வது, நோய் வேறு பெயரில் வரும் அழைப்புகளுக்குத்தான். விடியற்காலை நான்கு மணி. "பையனுக்கு வயித்து வலிங்க, வாந்தி எடுக்கிறான்." கேட்பவருக்கு இது அவசரமாகவே தோன்றாது. ஆனால் பென்னாகரம், தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து இப்படி ஓர் அழைப்பு வந்தால், அடுத்த கேள்வி "ராத்திரி எங்க படுத்திருந்தான், கட்டில்லயா தரையிலயா?" என்றுதான் வர வேண்டும். கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும், தரையில் தூங்குபவரைக் கடிக்கும். கடி பெரும்பாலும் வலிக்காது, வீங்காது, பல்தடம்கூடத் தெரியாமல் போகலாம். பலருக்கு வயிற்று வலிதான் முதலில் வரும். பிறகு இமை தொங்கும், பேச்சு குழறும், கடைசியில் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். "கண்ணை முழுசாத் திறக்க முடியுதா? எச்சில் முழுங்க முடியுதா?" என்ற இரண்டு கேள்வி போதும், வண்டியில் இருப்பவர்கள் விஷமுறிவு மருந்தும் செயற்கைச் சுவாசக் கருவியும் இருக்கும் மருத்துவமனையை நோக்கித் தயாராகிவிடலாம். அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது: நடக்க விடாமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கை காலை அசைக்க விடாதீர்கள். கயிறு கட்டுவது, கீறுவது, பச்சிலை வைப்பது எதுவும் வேண்டாம்.

மூச்சு விஷயமும் அப்படித்தான். ஒருவர் திடீரென்று சரிந்து விழுந்திருப்பார். "மூச்சு இருக்குங்க, குறட்டை மாதிரி வருது" என்பார்கள். இதயம் நின்றுபோனவருக்கும் சில நிமிடம் அப்படித் திணறல் வரும். அதை உயிர்மூச்சு என்று நம்பிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். அதனால் "அவர் மூச்சு விடும் ஒவ்வொரு தடவையும் 'இப்ப'ன்னு சொல்லுங்க" என்று கேட்கிறோம். இரண்டு 'இப்ப'வுக்கு நடுவே நீண்ட இடைவெளி விழுந்தால் உடனே நெஞ்சை அழுத்தச் சொல்வோம். நெஞ்சின் நடுவே, இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. நீங்கள் எண்ண வேண்டியதில்லை, "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று போனில் நாங்களே எண்ணுவோம். ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வையுங்கள்.

சித்தேரி மாதிரி மலையூர்களில் வண்டி ஏறி வருவதற்குள் பிரசவமாகிவிடுவதும் உண்டு. குழந்தையை இழுக்காதீர்கள், பிறந்ததும் துடைத்துத் தாயின் மார்பில் போட்டுத் துணியால் போர்த்துங்கள், கொடியை அறுக்க வேண்டாம். பூச்சிமருந்து குடித்தவருக்கு உப்புக்கரைசல் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். எந்த மருந்து என்று கேட்பது டப்பாவையும் கையோடு எடுத்து வரச் சொல்வதற்காக.

அலறுபவரிடம் எப்படிப் பேசுவது என்பதையும் பழக்குகிறோம். குரலை உயர்த்தாமல், ஒரே வாக்கியத்தை, ஒரே தொனியில், அவர் காதில் ஏறும்வரை திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். "ஐயா, வண்டி கிளம்பிடுச்சு. அவர் பக்கத்துல போங்க." முதலில் கேட்காது. மூன்றாவது, நான்காவது முறை அவர் நின்று கவனிப்பார். பயிற்சியில் நானே குடித்தவராக, அழும் தாயாக, சண்டைக்கு வருபவராகப் பேசிப் பார்க்கிறேன். பொறுமையாக இருப்பவர்கள்கூட முதலில் தடுமாறுவார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே எதிர்முனையில் ஓர் உயிர் போய்விடுவதும் உண்டு. அடுத்த அழைப்பு உடனே வரும். அப்படிப்பட்ட நாளில் அழைப்பு எடுத்த பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் இருக்கையிலிருந்து எழுப்பித் தனியே உட்காரவைத்துப் பேச ஆள் வேண்டும் என்பதை மையத்தை நடத்துபவர்கள் மறக்கக் கூடாது.

உங்களால் பேச முடியவில்லை என்றால் போனைப் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுங்கள். பத்து வயதுப் பிள்ளையானாலும் பரவாயில்லை, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வதில் அவர்கள் பெரியவர்களைவிடத் தெளிவு. மாவட்டத்திலிருந்து கொட்டாய்ப் பெயர்வரை வரிசையாகச் சொல்ல உங்கள் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியுமா என்று இன்று ராத்திரி ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.