புளிப்பு எப்போது பிழை? கிராஃப்ட் பீரும் வகைப் பெயர்களும்

பனைமரத்தில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர். தடவாவிட்டால் அதே பாளைச்சாறு வெயில் ஏறுவதற்குள் புளித்துக் கள்ளாகிவிடும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை என்பதால், சட்டமும் அந்தச் சுண்ணாம்பைத்தான் பார்க்கிறது. மேலூர் சாலையில் பதநீர் வாங்குகிறவருக்குப் பெயரே போதும். பீரின் வகைப் பெயரும் அந்த வேலையைச் செய்தாக வேண்டும்.

பெங்களூரு போய்வரும் மதுரைப் பிள்ளைகள் சிறு ஆலைகளில் காய்ச்சும் கிராஃப்ட் பீரின் பட்டியலைப் பார்த்துக் குழம்புவதில் வியப்பில்லை. வகைகள் ஒன்றும் வேதமல்ல. பொன்னிறமான பில்ஸ்னர் பீரே 1842இல் பில்சென் நகரில் புதுச்சரக்காக வந்ததுதான். கோஸ் என்ற ஜெர்மன் கோதுமை பீரில் உப்பும் கொத்தமல்லி விதையும் போடுவார்கள். பார்லி, கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூ, தண்ணீர் மட்டும் என்ற 1516ஆம் ஆண்டு பவேரியச் சட்டப்படி அது பீரே அல்ல! ஆகவே ஒருவர் நன்னாரி போட்டுக் காய்ச்சினாலும் தப்பில்லை.

தப்பு, கெட்டுப்போனதைப் புதுமை என்று விற்பது. கோஸில் புளிப்பு லாக்டோபேசில்லஸ் கிருமியால் வேண்டுமென்றே வருவது. பில்ஸ்னர் புளித்தால் பெரும்பாலும் குழாயையோ தொட்டியையோ சரியாகக் கழுவவில்லை. வாழைப்பழ வாசம் ஜெர்மன் கோதுமை பீருக்கு அழகு. பில்ஸ்னர் போலக் குளிரில் நொதிக்கவைக்கும் லாகரில் அது வந்தால் நொதிக்கும்போது சூடு கூடிவிட்டது என்று சந்தேகப்படலாம். வெண்ணெய் வாசம் டயசெட்டில் என்ற பொருளால் வருவது. நொதிக்கவைக்கும் ஈஸ்ட் வேலையை முடிக்குமுன் குளிரவைத்தால் தங்கிவிடும். நொதித்தல் முடியும் தறுவாயில் 16–18 டிகிரியில் இரண்டு மூன்று நாள் விட்டால் ஈஸ்ட்டே அதைத் தின்று தீர்க்கும். நனைந்த அட்டை வாசம் எந்த வகைக்கும் பொருந்தாது: ஆக்சிஜன் புகுந்திருக்கிறது, நம்மூர் வெயில் அதை இன்னும் விரட்டும்.

“பீர்தானே, என்ன போதை வரப்போகிறது” என்ற பேச்சும் பெயர் தெரியாமல் வருவது. 5 சதவீத பீர் 330 மில்லியில் சுமார் 13 கிராம் ஆல்கஹால். ஹாப்ஸ் தூக்கலான 9 சதவீத டபுள் ஐபிஏ பீர் அதே அளவில் 23 கிராம். பெயரில் ‘டபுள்’, ‘இம்பீரியல்’ இருந்தால் சதவீதத்தைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

மில்க் ஸ்டவுட் என்ற கறுப்பு பீரில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை சேர்ப்பார்கள். ஈஸ்ட்டுக்கு அது செரிக்காது, அப்படியே மிஞ்சும். ஜிகர்தண்டா குடித்தால் வயிறு உப்புகிறவர்களுக்கு இதிலும் உப்பலாம்.