பீலித் தண்ணீரும் நிலத்தடி நீர்தான்

மலையகத் தோட்டக் குடிநீர்த் திட்டங்களுக்காக ஊற்றுகளைப் பார்வையிடச் செல்லும் இடங்களில் நான் அடிக்கடி கேட்பது, "நிலத்தடி நீர்ப் பிரச்சினையெல்லாம் யாழ்ப்பாணத்துக்குத்தானே சேர், எங்களுக்கு இருப்பது பீலித் தண்ணீர்" என்பதாகும். பீலி என்பது மலை ஊற்று நீர் வந்து கொட்டும் குழாய்; அதில் கொட்டுவதோ மலை குடித்து வைத்து மெல்ல மெல்ல வெளியே விடும் மழைநீர். அதுவும் நிலத்தடி நீர்தான்.

உலகில் திரவநிலையில் உள்ள நன்னீரில் ஏறத்தாழ 99 வீதம் நிலத்துக்கு அடியில் இருப்பதாகவும், வீட்டுப் பாவனைக்கு எடுக்கப்படும் நீரில் பாதியும் பாசனத்துக்கு எடுக்கப்படுவதில் கால்வாசியும் அங்கிருந்தே வருவதாகவும் 2022 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் நீர் அறிக்கை கூறுகிறது. மிக அதிகமாக உறிஞ்சும் நாடு இந்தியா. கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் 1925 முதல் 1977 வரையான காலத்தில் ஓரிடத்தில் நிலமே 8 மீற்றருக்கு மேல் தாழ்ந்து போனது. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் இருப்பவை ஆழமான வண்டல் படைகள். வற்றச் செய்யப் பல பத்தாண்டுகள் இறைக்க வேண்டும்.

நமது மலைநாட்டின் அடித்தளம் கடும்பாறை. சிதைந்த மேல்மண்ணிலும் பாறை வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்குகிறது என்பதால், கையிருப்பு சிறிது; வெடிப்புகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால், ஓரிடத்தில் துளைத்தால் வேறெங்கோ வற்றக்கூடும். 2014 இறுதியில் உமா ஓயா பல்நோக்கு நீர்த் திட்டச் சுரங்கத்துக்குள் நீர் பீறிட்டபோது, மேலே பண்டாரவளைப் பகுதியில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றி, வீட்டுச் சுவர்கள் வெடித்ததை ஊவா மக்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

சென்ற ஓகஸ்டில் ஊவாப் பக்கத்து லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) ஒன்றின் பீலிக்கரையில் 20 லீற்றர் வாளியை வைத்து நேரம் பார்த்தேன். நிறைய ஆறு நிமிடம் சென்றது. "முந்தி கை மொத்தத்துக்குக் கொட்டும் தம்பி, இப்ப நூல் மாதிரித்தான் வருது" என்றார் வரிசையில் நின்ற ஓர் அம்மா. ஊற்றுக்கு மேலே ஏறிப் பார்த்தபோது காரணங்கள் கண்முன்னே கிடந்தன: புதர்க்காடு வெட்டப்பட்டு மரக்கறிப் பாத்திகள் வந்திருந்தன, மழை இறங்க வேண்டிய மண் இறுகி, நீர் மேலாகவே வழிந்தோடிய தடங்கள் தெரிந்தன, ஊற்றுக்கண்ணிலிருந்து இருபது அடி மேலே ஒரு மலசலகூடக் குழியும் இருந்தது. கீழே புதிதாகக் கட்டிய தாங்கிக்கு நல்ல வர்ணமும் கல்வெட்டும் இருந்தன. திட்டம் போட்டவர் எவரும் மேலே ஏறியதாகத் தெரியவில்லை. (தாங்கி தண்ணீரைச் சேமிக்குமே தவிர உண்டாக்காது, இதை அலுவலகங்களில் சொல்லிச் சொல்லியே எனக்கு அலுத்துவிட்டது.)

ஆகவே நான் முதலில் கேட்பது, ஊற்றுக்கு மேலுள்ள சரிவை வேலியிட்டு, பாத்தியோ குழியோ வராமல் காப்பதைத்தான். மாதம் ஒருமுறை வாளி நிறையும் நேரத்தை ஒரு கொப்பியில் எழுதி வைத்தால், வரட்சியில் வரும் குறைவையும் ஆண்டுதோறும் தொடரும் குறைவையும் பிரித்தறியலாம். மேலே உரமிடும் தோட்டம் உள்ளவர்கள், உரத்திலிருந்து நீரில் கலந்து கைக்குழந்தைகளுக்குக் கேடு செய்யக்கூடிய நைத்திரேற்றுக்கும் நீரைச் சோதிக்கக் கொடுக்க வேண்டும். கொதிக்க வைத்தால் கிருமிதான் சாகும், நைத்திரேற்று நீரிலேயே நின்றுவிடும். பாற்பொடி கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தை உள்ள வீடுகள் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.