‘யுவர் ஓடர் இஸ் வெரி நைஸ்’ என்று இனி யாரிடமும் சொல்லாதீர்கள்

போன வாரம் என் பழைய மாணவி ஒருவர் தொலைபேசியில் அழுதார். வெளிநாட்டில் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. பக்கத்து மேசைப் பெண் போட்டிருந்த வாசனைத் திரவியம் இவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. மனதாரப் பாராட்ட நினைத்து, ‘யுவர் ஓடர் இஸ் வெரி நைஸ்’ என்று சொல்லியிருக்கிறார். (ஓடர், அதாவது odour, என்றால் மணம்.) அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. ‘தேங்க்ஸ்’ என்று ஒரே சொல்லோடு திரும்பிக்கொண்டார். மதியம் இவர் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். “மேடம், நல்லதுதானே சொன்னேன், என்ன தப்பு?” என்று கேட்டபோது எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அந்தச் சொல்லை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள்மேல்தான் வந்தது.

பதினாறு ஆண்டுகளாக ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி அளிக்கிறேன். ‘ஸ்மெல் என்றால் நாற்றம், அதைச் சொன்னால் மரியாதைக் குறைவு, படித்தவர்கள் ஓடர் என்றுதான் சொல்வார்கள்’ என்று நம்பிக்கொண்டு வருபவர்கள் இல்லாத வகுப்பே எனக்கு அமைந்ததில்லை. இது முழுத் தவறு. பெயர்ச்சொல்லாக வரும்போது ஸ்மெல் எந்தப் பக்கமும் சாயாத சொல். ‘எ லவ்லி ஸ்மெல்’ என்றும் சொல்லலாம், ‘எ ஹாரிபிள் ஸ்மெல்’ என்றும் சொல்லலாம்.

ஓடர் எங்கே புழங்குகிறது என்று பாருங்கள். கழிவுநீர் பற்றிய புகார்க் கடிதத்தில், ஆய்வக அறிக்கையில், மருத்துவரின் குறிப்பில். ‘பாடி ஓடர்’ என்றால் வியர்வை நாற்றம். அதைப் போக்குவதற்கு விற்கும் பொருளுக்குத்தான் டியோடரண்ட் என்று பெயர். அந்தச் சொல்லுக்குள்ளேயே ஓடர் உட்கார்ந்திருக்கிறது. ஒரு மனிதரைப் பார்த்து ஓடர் என்றதுமே கேட்பவர் மனதில் வியர்வைதான் வந்து நிற்கும். பின்னால் எத்தனை ‘வெரி நைஸ்’ சேர்த்தாலும் அது போகாது. அகராதியில் பொருள் ஒன்றாக இருக்கலாம், ஆனால் சொல்லுக்கென்று ஒரு புழக்கம் இருக்கிறது. பெரிய சொல்லாகப் பார்த்து எடுத்தால் மரியாதை தானாக வந்துவிடும் என்ற எண்ணத்தைத் தயவுசெய்து விடுங்கள். நறுமணத்தைக் குறிக்கும் அரோமாவைக் காபிக்கும், அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரேக்ரன்ஸ் விளம்பரத்தில் அழகாக இருக்கும், அன்றாடப் பேச்சில் அவ்வளவாக வராது.

அவர் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: ‘ஐ லவ் யுவர் பெர்ஃப்யூம். வாட் இஸ் இட்?’ இங்கே பாராட்டு பெர்ஃப்யூமுக்கு, உடம்புக்கு அல்ல. ‘யூ ஸ்மெல் நைஸ்’ என்பதில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆனால் அது மிக நெருங்கியவர்களிடம் சொல்வது, அலுவலகத்தில் வேண்டாம். மறுநாள் காலை அந்தப் பெண்ணிடம் போய், ‘சாரி, ஐ மென்ட் யுவர் பெர்ஃப்யூம்’ என்று சொல்லச் சொன்னேன். சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் சிரித்துவிட்டுக் கைப்பையிலிருந்து புட்டியையே எடுத்துக் காட்டினாராம்.

அடுத்து வினைச்சொல். தமிழில் ‘மணக்கிறது’ என்றாலும் ‘நாறுகிறது’ என்றாலும் தீர்ப்பு வினைக்குள்ளேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் ஸ்மெல் என்ற ஒரே வினை இரண்டுக்கும் வரும். நல்லதா கெட்டதா என்று பின்னால் வரும் சொல்தான் சொல்ல வேண்டும்: ‘இட் ஸ்மெல்ஸ் குட்’, ‘இட் ஸ்மெல்ஸ் ஆஃபுல்’. அந்தச் சொல்லை விட்டுவிட்டால் பொருள் கெட்ட பக்கம் விழுந்துவிடும். ‘யுவர் ரூம் ஸ்மெல்ஸ்’ என்றால் உன் அறை நாறுகிறது என்றே பொருள். ‘யூ ஸ்மெல்’ என்றால் சண்டைதான். ‘ஸ்மெல்லி’ என்ற சொல்லும் நல்ல மணத்துக்கு வராது. (பழந்தமிழில் நாற்றம் என்றால் நறுமணம். இன்று நாறுவதை மட்டும் குறிக்கும் ‘ஸ்டிங்க்’ என்ற சொல்லின் பழைய ஆங்கில மூலமும் ஒரு காலத்தில் எல்லா மணத்துக்கும் பொதுவாக இருந்ததுதான். இரண்டு மொழிகளிலும் சொல் ஒரே பள்ளத்தில் விழுந்திருக்கிறது. வகுப்பில் இதைச் சொன்னால் பிறகு யாரும் மறப்பதில்லை.) கூடவே, ‘ஸ்மெல்ஸ் நைஸ்லி’ வேண்டாம், ‘ஸ்மெல்ஸ் நைஸ்’ போதும்.

‘ஐ ஆம் ஸ்மெல்லிங் ஸ்மோக்’ என்பதையும் நிறுத்துங்கள். வேண்டுமென்றே மூக்கை வைத்து முகர்ந்துகொண்டிருக்கிறேன் என்று அதற்குப் பொருள் வரும். தானாக மூக்குக்கு எட்டுவதைச் சொல்ல ‘ஐ கேன் ஸ்மெல் ஸ்மோக்’. அடுத்தவரைக் கேட்க ‘கேன் யூ ஸ்மெல் தட்?’.

‘வாசனை வருகிறது’ என்பதை அப்படியே பெயர்த்து ‘சம் ஸ்மெல் இஸ் கமிங்’ என்கிறவர்களிடம் நான் கடுமையாகவே பேசுகிறேன், அதற்குக் காரணம் இருக்கிறது. சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் மணம் கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் போன்ற கடும் நெடியுள்ள பொருள்களைக் கலக்கிறார்கள். 1937-இல் டெக்சாஸின் நியூ லண்டன் ஊரில் மணமில்லாத வாயு கசிந்து ஒரு பள்ளிக்கூடமே வெடித்தது. ஏறத்தாழ முந்நூறு பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அதன் பிறகுதான் வாயுவில் மணம் சேர்ப்பது அங்கே சட்டமானது. நம்மை எச்சரிக்கக் கலந்த மணத்தை முகர்ந்துவிட்டு, தொலைபேசியில் ‘சம் ஸ்மெல்’ என்று மட்டும் சொன்னால் எதிர்முனையில் இருப்பவருக்கு என்ன புரியும்? முதலில் வெளியே வாருங்கள். பிறகு ‘ஐ கேன் ஸ்மெல் கேஸ்’ என்று சொல்லுங்கள். நான்கே சொற்கள்.

மணத்தை விவரிக்கத் தனிச்சொல் கிடைக்கவில்லையே என்று தயங்க வேண்டியதில்லை. ஆங்கிலம் பேசுகிறவர்களிடமே அது குறைவு. மொழி ஆய்வாளர்கள் ஆசிஃபா மஜீத், நிக்லாஸ் பூரன்ஹுல்ட் இருவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மலேசியாவின் ஜஹாய் மக்கள் மணங்களை நிறங்களைப் போலவே சட்டென்று பெயர் சொல்லிக் குறித்தார்கள். ஆங்கிலம் பேசுகிறவர்களோ பொருளின் பெயரைச் சொல்லிச் சுற்றி வளைத்தார்கள். ஆகவே நீங்களும் பொருளைச் சொல்லுங்கள்: ‘இட் ஸ்மெல்ஸ் லைக் பர்ன்ட் ரப்பர்’. பால் கெட ஆரம்பித்திருந்தால் ‘ஸ்மெல்ஸ் ஆஃப்’, நெடுநாள் பூட்டிக் கிடந்த அறைக்கு ‘மஸ்டி’. இந்த இரண்டும் கைவசம் இருந்தால் நிறைய இடங்களில் உதவும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உடன் வேலை செய்பவரிடம் வியர்வை நாற்றம் இருந்து, அதைச் சொல்லியே ஆக வேண்டிய நிலை வந்தால், பிறர் முன்னால் சொல்லாதீர்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறக்காதீர்கள். தனியாக அழைத்து, ‘திஸ் இஸ் எ பிட் ஆக்வர்ட், பட் ஐ’ட் வான்ட் சம்ஒன் டு டெல் மீ’ என்று ஆரம்பியுங்கள். சொல்லச் சங்கடமாக இருக்கிறது, ஆனால் என் விஷயமாக இருந்தால் யாராவது என்னிடம் சொல்ல வேண்டும் என்றுதான் நினைப்பேன் என்பது அதன் பொருள். இந்த ஒரு வரியை மட்டும் பத்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போங்கள்.