12 லட்சம் வரை வரி இல்லை என்றார்களே, எனக்கு ஏன் வந்தது?

"சார், 12 லட்சம் வரை வரியே கிடையாது என்று சொன்னார்களே, அப்புறம் இந்த 31,200 ரூபாய் எங்கிருந்து வந்தது?"

பிப்ரவரி மாதம் ஒருவர் என் எதிரில் உட்கார்ந்து கேட்ட கேள்வி இது. தனியார் நிறுவன வேலை, நிலையான கழிவு 75,000 போக வரிக்கு உட்படும் சம்பளம் 9 லட்சம். அதோடு பங்குகளை வாங்கிச் சில மாதங்களிலேயே விற்றதில் ஒன்றரை லட்சம் லாபம். இரண்டையும் கூட்டினாலும் பத்தரை லட்சம்தான் வருகிறது. அந்த ஒன்றரை லட்சத்தை மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார். அதில் ஒரு பகுதி வரியாகப் போகும் என்று அவருக்கு யாருமே சொல்லவில்லை.

இப்படி வருகிறவர்கள் நிறையப் பேர். 2025 பிப்ரவரி 1 பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்ததில் எல்லோர் மனதிலும் நின்றது "12 லட்சம்" என்ற ஓர் எண் மட்டும்தான். உண்மையில், பெரும்பாலான கழிவுகள் இல்லாமல் விகிதம் மட்டும் குறைவாக உள்ள புதிய வரி முறையில் விலக்கு வரம்பு 4 லட்சம். அதற்கு மேல் ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 சதவீதம் என்று ஏறி, 24 லட்சத்தைத் தாண்டினால் 30 சதவீதம். மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால், இந்த ஸ்லாப்படி, அதாவது வருமான அடுக்குப்படி, வரும் வரியை, அதாவது அதிகபட்சம் 60,000 ரூபாயை, 87ஏ பிரிவில் தள்ளுபடி செய்துவிடுகிறார்கள். சம்பளம், வட்டி, வாடகைக்கு இது பொருந்தும். பங்கு லாபத்துக்குத் தனி விகிதம்: குறுகிய காலம், அதாவது வாங்கி ஒரு வருடத்துக்குள் விற்றது என்றால் 20 சதவீதம், அதைவிட நீண்ட காலம் என்றால் 1.25 லட்சத்துக்கு மேல் 12.5 சதவீதம். இந்தத் தனி விகித வரிக்குத் தள்ளுபடி கிடையாது. ஒன்றரை லட்சத்துக்கு 30,000, அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரி 4 சதவீதம், 1,200. அவருடைய 31,200 இதுதான்.

இன்னொரு பயத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். வருமானம் 12 லட்சத்தைப் பத்தாயிரம் தாண்டிவிட்டால் அறுபதாயிரத்துக்கு மேல் கட்ட வேண்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். 12,10,000 என்றால் செஸ் நீங்கலாக 10,000தான் வரி, தாண்டிய தொகைக்கு மேல் வாங்க மாட்டார்கள். சுமார் 12,70,000 வரை இந்தப் பாதுகாப்பு உண்டு.

சரி, இந்த மாற்றத்தால் யாருக்கு எவ்வளவு மிச்சம்? முந்தைய ஆண்டின் புதிய முறை ஸ்லாபோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், செஸ் சேர்க்காமல். 12 லட்சம் வருமானத்துக்கு 80,000 ரூபாய் வரி இருந்தது, இப்போது ஒன்றுமில்லை. 16 லட்சக்காரருக்கு மிச்சம் 50,000, 20 லட்சத்துக்கு 90,000, 24 லட்சத்துக்கு 1,10,000. அதற்கு மேல் எவ்வளவு சம்பாதித்தாலும் ஸ்லாபால் வரும் மிச்சம் அதே 1,10,000தான். மாதம் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் சம்பளம் வாங்கும் குடும்பத்துக்கு வருடத்துக்கு எண்பதாயிரம் கையில் நிற்பது பெரிய விஷயம், இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். 16 லட்சம் வாங்குகிறவருக்கு 12 லட்சக்காரரைவிட மிச்சம் குறைந்துபோனதை மட்டும் ஏனோ யாரும் பேசவில்லை.

பெரும் பணக்காரர்களுக்கான சலுகை இந்த ஸ்லாபில் வரவில்லை. அது 2023 பட்ஜெட்டிலேயே வந்துவிட்டது. 5 கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு வரியின் மேல் 37 சதவீதம் சர்சார்ஜ் இருந்தது. புதிய முறைக்கு வந்தால் அது 25 சதவீதம் போதும் என்று குறைத்தார்கள். இதனால் உச்சபட்ச வரி 42.74 சதவீதத்திலிருந்து 39 சதவீதமாக இறங்கியது. கேட்க மூன்றே முக்கால் சதவீதம்தான். தொழில் வருமானம் 6 கோடி உள்ள ஒருவருக்குப் பழைய முறையில் எந்தக் கழிவும் எடுக்காமல் கணக்குப் போட்டேன், புதிய முறையில் இப்போதைய ஸ்லாபில் போட்டேன். வித்தியாசம் சுமார் 25 லட்சம் ரூபாய். நடுத்தரக் குடும்பத்துக்கு நிவாரணம் கொடுக்கும்போது இதையும் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

அதைவிட முக்கியம், பணம் எந்த வழியில் வருகிறது என்பது. வரிக்கு உட்படும் சம்பளம் 30 லட்சம் என்றால் செஸ்ஸோடு 4,99,200 ரூபாய் வரி, கிட்டத்தட்ட 16.6 சதவீதம். வேறு வருமானமே இல்லாமல் நீண்ட கால பங்கு லாபம் மட்டும் 3 கோடி வருகிறவருக்கு? மூலதன ஆதாயத்துக்கு சர்சார்ஜ் 15 சதவீதத்தோடு நின்றுவிடும். எல்லாம் சேர்த்தாலும் 15 சதவீதத்தைத் தொடாது. 2024 ஜூலையில் இந்த விகிதத்தை 10லிருந்து 12.5 ஆக உயர்த்தினார்கள், உண்மைதான். ஆனாலும் சம்பளக்காரர் அதிக சதவீதம் கட்டுகிறார். அவருடைய வரியைக் கம்பெனியே மாதாமாதம் பிடித்துவிடுகிறது. பணம் உள்ளவர் எந்தப் பங்கை, எந்த ஆண்டில் விற்பது என்பதை அவரே தீர்மானிக்கிறார்.

பழைய முறையிலேயே இருக்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். 25 லட்சம் சம்பளத்தில் பழைய முறை லாபமாக இருக்க வேண்டுமென்றால் நிலையான கழிவு தவிர சுமார் 8 லட்சத்துக்குக் கழிவு காட்ட வேண்டும். சேமிப்புக்குக் கழிவு தரும் 80சி பிரிவில் ஒன்றரை லட்சம், வீட்டுக் கடன் வட்டி 2 லட்சம், என்பிஎஸ் ஓய்வூதியத் திட்டம் 50,000, மருத்துவக் காப்பீடு என்று எல்லாம் சேர்த்தாலும் ஐந்து லட்சத்தைத் தொடுவதே சிரமம். வீட்டு வாடகைப்படி பெரிதாக இருப்பவர்களுக்குத்தான் இன்னும் கட்டுப்படியாகிறது. பழைய முறைதான் வேண்டுமென்றால் ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்துவிடுங்கள், தவறினால் தானாகவே புதிய முறைக்குப் போய்விடும். தொழில் வருமானம் உள்ளவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும். சம்பளக்காரர் மாதிரி வருடா வருடம் மாற்றிக்கொள்ள அவர்களுக்கு முடியாது.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது வேறு. "புதிய முறையில் 80சிதான் இல்லையே, இனி எதற்கு பிபிஎஃப்?" என்று கேட்டார் ஓர் இளம்பெண். பிபிஎஃப் என்ற பொது வருங்கால வைப்பு நிதியில் வருடம் ஒன்றரை லட்சம் போட்டுவந்தவர், நிறுத்திவிட்டார். மெடிக்கல் இன்சூரன்ஸைப் புதுப்பிக்காமல் விட்டவர்களும் இருக்கிறார்கள். பிபிஎஃப் வட்டிக்குப் புதிய முறையிலும் வரி இல்லை. மருத்துவமனைச் செலவு வந்து நிற்கும்போது நீங்கள் எந்த வரி முறையில் இருக்கிறீர்கள் என்று பார்த்து அது வராது. பெரிய சொத்து உள்ள வீட்டில் சேமிப்பு நின்றாலும் சமாளிப்பார்கள், நமக்கு அந்த வசதி இல்லை.

2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் பற்றிச் சுருக்கமாக: அது 2026 ஏப்ரல் 1 முதல் அமல். 'மதிப்பீட்டு ஆண்டு' போய் 'வரி ஆண்டு' வருகிறது, பிரிவு எண்கள் மாறுகின்றன, 80சி இனி 123. விகிதங்களை அந்தச் சட்டம் ஏற்றவில்லை, பதற வேண்டாம்.

அந்த 31,200 ரூபாய்க்காரருக்கு வருவோம். அவருடைய டீமேட் கணக்கைத் திறந்து பார்த்தோம். வாங்கி ஆறு மாதம்கூட ஆகாத, இனி வைத்திருக்க விரும்பாத ஒரு பங்கு 40,000 நஷ்டத்தில் கிடந்தது. மார்ச் 31க்குள் விற்றால் அந்த நஷ்டத்தை லாபத்தில் கழிக்கலாம், வரி 8,320 குறையும் என்றேன். அங்கேயே உட்கார்ந்து செல்போனில் விற்றார். மீதி 22,880ஐ முன்கூட்டிய வரியாக மார்ச் 15க்குள் கட்டச் சொல்லி அனுப்பினேன்.